மாட் எண்ட் எங்கே முடிகிறது? மல்டிபூட் ஆவணத்தில் ஒரு வரியைத் திருத்த நினைக்கும் தம்பிக்கு

தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிற தம்பி கேட்டது இது. சொந்தமாக ஒரு சின்ன கர்னல், அதாவது இயங்குதளத்தின் (ஓஎஸ்) மையப் பகுதி, எழுதிக்கொண்டிருக்கிறார். கிரப் என்ற பூட் லோடர் (மெஷின் தொடங்கும்போது கர்னலை நினைவகத்தில் ஏற்றிவிடும் நிரல்) வழியாக, பூட் லோடருக்கும் கர்னலுக்கும் நடுவில் வகுத்த மல்டிபூட் முறையில் அதை ஏற்றுகிறார். கூடவே ஏற்றிய மாட்யூல் கோப்பைப் படித்தால் கடைசியில் ஒரு பைட் குப்பை வருகிறது. ஸ்பெக்கை, அதாவது மல்டிபூட் விதிகளை எழுதிவைத்த ஆவணத்தை, திறந்தால் முதல் இரண்டு ஃபீல்டிலும் (மாட் ஸ்டார்ட், மாட் எண்ட்) மாட்யூலின் தொடக்க முகவரியும் முடிவு முகவரியும் இருக்கும் என்று மட்டும் போட்டிருக்கிறது. முடிவு என்றால் கடைசி பைட்டா, அதற்கு அடுத்த இடமா என்று இல்லை. ‘அந்த வரியை நானே தெளிவாக்கி அனுப்பலாமா, ஸ்பெக்கை மாற்றினால் பழைய கர்னல்கள் உடைந்துவிடாதா, நம்மை மாதிரி ஆட்கள் எழுதினால் எடுத்துக்கொள்வார்களா’ என்பது அவர் கேள்வி.

தாராளமாக அனுப்பலாம். ஆனால் ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் வரி புதிதாக எதையும் சொல்லிவிடக் கூடாது. எல்லாரும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற வழக்கம் ஒன்று இருக்கும், அது காகிதத்தில் ஏறாமல் விட்டுப்போயிருக்கும், அதை ஏற்றுவதுதான் உங்கள் வேலை. தெளிவாக்குகிறேன் என்று உட்கார்ந்து, தெரியாமலேயே மாற்றிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படி ஒருமுறை மாட்டியிருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல கம்ப்யூட்டரே வேண்டாம். 1956 நவம்பர் 1-க்கு முன்னால், நம் கன்னியாகுமரித் தாலுகாக்கள் திருவிதாங்கூரோடு இருந்த காலத்துப் பத்திரம் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒன்று உண்டு, பழைய ஆட்கள் ஆதாரம் என்பார்கள். மலையாளத்தில் எழுதியது, தேதி கொல்லம் ஆண்டு 1122, அதாவது 1946-47. கிழக்கெல்லை கையாலை (எல்லைச் சுவர்) என்று இருக்கிறது. கையாலை நமக்குள்ளதா, பக்கத்து விளைக்காரருக்குள்ளதா, பாதிப் பாதியா என்று ஒரு வார்த்தை கிடையாது. அதன் மேலேயே ஒரு சக்கை மரம் (பலா) வேறு. தாத்தா இறந்து பாகம் பிரிக்கிற நேரத்தில் பத்திர எழுத்தர் சட்டம் ஒன்றும் பேசவில்லை, ‘இவ்வளவு காலம் சக்கை பறித்தது யாரு, இடிஞ்ச கையாலையக் கட்டுனது யாரு’ என்று இரண்டு கேள்விதான் கேட்டார். இரண்டும் நாங்கள்தான், பக்கத்து வீட்டு மாமாவும் ஒத்துக்கொண்டார். புதுப் பத்திரத்தில் ‘கையாலை உட்பட’ என்று இரண்டு சொல் சேர்ந்தது. யாருக்கும் ஒரு செண்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இனி உங்கள் மாட் எண்டுக்கு வருவோம். சக்கை பறித்தது யார் என்று பார்க்க, ஏற்றுகிற பூட் லோடர் பக்கமும் ஏறுகிற கர்னல் பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும். சரியாக 4096 பைட் உள்ள ஒரு கோப்பை மாட்யூலாகக் கொடுத்து, கிரப் தருகிற இரண்டு முகவரியையும் திரையில் அச்சிடுங்கள். வித்தியாசம் 4095 என்றால் முடிவு என்பது கடைசி பைட்டேதான். 4096 என்றால் கடைசி பைட்டுக்கு அடுத்த இடம். கிரப்பில் 4096 வரும். நீங்கள் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஒன்று கூட்டியிருப்பீர்கள், உங்கள் குப்பை பைட் அதுதான். இதே தவற்றை நினைவகத்தை 4096 பைட் கொண்ட பக்கம் பக்கமாக ஒதுக்குகிற இடத்தில் செய்தால் 4097 பைட்டுக்கு இரண்டு பக்கம் போகும், யாருக்கும் தெரியவே தெரியாது.

வேடிக்கை என்னவென்றால் பதில் அதே ஆவணத்துக்குள்ளேயே கிடக்கிறது. கடைசிப் பக்கம் எடுத்துக்காட்டு நிரல்கள் இருக்கின்றன அல்லவா, அங்கே மல்டிபூட் ஹெடர் கோப்பில், மாட்யூலின் ஃபீல்டுகளை அடுக்கிய ஸ்ட்ரக்சருக்குள் ஒரு கமென்ட் இருக்கும். மாட் ஸ்டார்ட்டிலிருந்து மாட் எண்ட் கழித்தல் ஒன்று வரையுள்ள பைட்டுகள், உட்பட, என்று. பத்திர எழுத்தர் போட்ட அதே ‘உட்பட’. ஆனால் அந்த அத்தியாயத்தின் தலையிலேயே, இவை ஸ்பெக்கின் பாகம் இல்லை, கர்னலும் பூட் லோடரும் எழுதப்போகிறவர்களுக்கு உதவியாக வைத்திருக்கிறோம் என்று எச்சரிக்கையும் போட்டிருக்கிறார்கள். ஆக, சட்டம் வாயைத் திறக்கவில்லை, சட்டம் இல்லாத பக்கம் தெளிவாகப் பேசுகிறது, ஊர் அதன்படிதான் நடக்கிறது. தெளிவாக்க இதைவிடச் சுத்தமான இடம் அமையாது. பின்பக்கக் கமென்டை முன்பக்கத்துக்கு ஒரு வரியாகக் கொண்டுவருகிறீர்கள், அவ்வளவுதான்.

இந்த ஸ்பெக் எப்படி வந்தது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால், ஏன் இப்படி இடைவெளிகள் இருக்கின்றன என்று புரியும். 1995-ல் எரிக் போலின் குனு ஹர்ட் என்ற ஓஎஸ்ஸை யூட்டா பல்கலைக்கழகத்தின் மாக் 4 மைக்ரோகர்னலோடு பூட் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பிசியில் ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் ஒரு பூட் முறை, ஒன்றுக்கொன்று ஒட்டாது. அந்தக் கூட்டத்தில் இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது என்று அவரும் பிரையன் ஃபோர்டும் சேர்ந்து மல்டிபூட்டை வகுத்தார்கள். அதை நடைமுறைப்படுத்த எழுதியதுதான் கிரப். 1999-ல் அது குனுவின் அதிகாரபூர்வ பேக்கேஜ் ஆனது. ஸ்பெக்கைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் பிறகு கிரப் குழுவின் கைக்கு வந்தது. கர்னலின் முதல் 8192 பைட்டுக்குள் ஒரு மாய எண் இருக்க வேண்டும், ஹெக்ஸில் எழுதினால் ‘ஒன் பேட் பூட்’ என்று படிக்கிற மாதிரி வரும். பூட் லோடர் திரும்ப ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் (சிபியூவுக்குள் உள்ள சின்ன சேமிப்பிடம்) வைக்கிறது ‘டூ பேட் பூட்’. இந்த விளையாட்டுப் புத்தியை வைத்தே சொல்லிவிடலாம், இது கமிட்டி உட்கார்ந்து எழுதியது இல்லை, இரண்டு பேர் தங்கள் தேவைக்கு எழுதியது. அவர்கள் தலைக்குள் தெளிவாக இருந்த விஷயம் காகிதத்தில் வராமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் ஜென், நெட்பிஎஸ்டி, இலுமோஸ், மினிக்ஸ் 3 என்று எத்தனையோ பேர் அதை நம்பி வந்துவிட்டார்கள்.

ஆவணத்தின் பின்னால் இருக்கிற வரலாற்றுப் பகுதியையும் படியுங்கள், யாரும் படிக்க மாட்டார்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. மல்டிபூட் ஸ்டாண்டர்ட் என்று இருந்ததை மல்டிபூட் ஸ்பெசிஃபிகேஷன் என்று பெயர் மாற்றினோம், டெக்ஸ்இன்ஃபோ ஆவண வடிவத்துக்குக் கொண்டுவந்தோம், இன்னும் கறாரான சொற்களில் திருப்பி எழுதினோம் என்று போகும். நடுவில், பூட் டிவைஸ் ஃபீல்டின் பைட் வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறோம், முன்பு இருந்தது தவறு என்று ஒரு வரி. முகவரி ஃபீல்டுகளின் ஆஃப்செட் (தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற கணக்கு) தப்பாக இருந்தது என்று இன்னொரு வரி. சப்பைக்கட்டு எதுவும் இல்லை. நீங்கள் செய்யப்போகிற திருத்தத்துக்கும் அங்கே ஒரு வரி சேர்க்கச் சொல்லுவார்கள், இதே மாதிரி குட்டையாக எழுதுங்கள்.

எல்லா மௌனமும் ஒரே ரகம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு வரி நன்றாகப் போனதும் ‘இன்னும் பத்து இடம் இருக்கே’ என்று கை துறுதுறுக்கும். மாட் எண்ட் மறந்துபோன மௌனம். வேண்டுமென்றே விட்ட மௌனமும் உண்டு. உதாரணத்துக்கு ஸ்டேக், நிரல் தற்காலிக மதிப்புகளை அடுக்கிவைக்கிற இடம். கர்னலுக்குக் கட்டுப்பாடு வரும்போது ஸ்டேக்கின் உச்சியைக் காட்டுகிற இஎஸ்பி ரெஜிஸ்டர் எங்கே நிற்கும் என்று ஸ்பெக் சொல்லாது. ஓஎஸ் தனக்கு வேண்டியபோது தானே ஸ்டேக் அமைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நீங்கள் கிரப்பில் ஓட்டிப் பார்த்து, அட, ஸ்டேக் ஒழுங்காகத்தானே இருக்கிறது என்று அதை ஆவணத்தில் எழுதினால் தொலைந்தது. கிரப்புக்குத் தற்செயலாக அமைந்தது எல்லா பூட் லோடருக்கும் கடமை ஆகிவிடும். நினைவகப் பகுதிகளை விவரிக்கிற ஜிடிடி அட்டவணை விஷயமும் இதே கதைதான். செக்மென்ட் ரெஜிஸ்டர்கள் சரியாக இருக்கும், ஆனால் அந்த அட்டவணையைக் காட்டுகிற ஜிடிடிஆர் செல்லாததாக இருக்கலாம், அதனால் சொந்த ஜிடிடி அமைக்கும் வரை எந்த செக்மென்ட் ரெஜிஸ்டரையும் தொடாதே, அதே மதிப்பைத் திருப்பி ஏற்றக்கூடச் செய்யாதே என்று அடைப்புக்குறிக்குள் ஒரு ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறார்கள். ஒரு ஸ்பெக்கில் ஆச்சரியக்குறி இருந்தால் அதற்குப் பின்னால் யாரோ இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறார் என்று அர்த்தம்.

தூக்கம் போன கதை என்னிடமும் ஒன்று உண்டு. முதன்முதலில் கர்னல் எழுதிப் பார்த்த காலம், மார்த்தாண்டத்தில் வாடகை வீடு, ஜூன் மாதம், மழை விடாமல் ஊற்றுகிறது, கரண்ட் போய்ப் போய் வருகிறது. மெஷினில் 128 எம்பி நினைவகம் கொடுத்திருக்கிறேன், என் கர்னல் 639 கேபிதான் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறது. மூன்று ராத்திரி. தவறு இருந்தது, எந்தெந்த முகவரியில் ரேம் இருக்கிறது என்று பூட் லோடர் தருகிற நினைவக வரைபடப் பட்டியலில் ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்குப் போகிற ஒரே வரியில். ஒவ்வொரு பதிவும் தன் அளவைச் சொல்லும் ஒரு சைஸ் ஃபீல்டோடு தொடங்கும், நாலு பைட். பிறகு அடிப்படை முகவரி எட்டு, நீளம் எட்டு, வகை நாலு, ஆக 20. சைஸ் ஃபீல்டில் இருக்கும் எண்ணும் 20தான், ஏனென்றால் சைஸ் தன்னைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளாது. ஸ்பெக் அந்த ஃபீல்டை கழித்தல் 4 என்ற ஆஃப்செட்டில் வரைந்து காட்டியிருக்கும். அந்தக் கழித்தல் குறிக்குள்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. நான் அதை அச்சுப்பிழை என்று நினைத்து, சைஸை மட்டும் கூட்டி அடுத்த பதிவுக்குப் போனேன்.

என்ன நடந்தது என்று கையால் போட்டுப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். பட்டியல் 1000-ல் தொடங்குகிறது என்று வையுங்கள். 1000-ல் சைஸ், 1004-ல் முகவரி, 1012-ல் நீளம், 1020-ல் வகை. அடுத்த பதிவு உண்மையில் 1024-ல். நான் போய் நின்றது 1020-ல், அங்கே இருப்பது முதல் பதிவின் வகை, அதன் மதிப்பு 1, பயன்படுத்தத்தக்க ரேம் என்று அர்த்தம். அதை நான் சைஸ் என்று படித்து ஒரு பைட் நகர்ந்து 1021-க்குப் போனேன். அங்கே மூன்று பைட் சுழியம், நாலாவதாக 1024-ல் இருக்கிற 20. கீழ் பைட் முதலில் வருகிற லிட்டில் எண்டியன் முறையில் அது மேல் பைட்டாகச் சேர்ந்து 33,55,44,320 ஆகிவிடுகிறது. அடுத்த தாவல் 320 எம்பிக்கு அந்தப் பக்கம். பட்டியலின் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று லூப் நல்லபிள்ளையாக நின்றுவிட்டது. நடுவில் பார்த்த இரண்டு போலிப் பதிவுக்கும் வகை 1 அமையவில்லை, அதனால் கூட்டலில் சேரவில்லை. மிஞ்சியது முதல் பதிவு மட்டும், 639 கேபி. கிராஷ் இல்லை, எச்சரிக்கை இல்லை, நம்பும்படியான ஒரு தப்பு விடை.

இதே இடத்தில் இன்னொரு வகைக் குழப்பமும் வரும். சைஸைப் பார்க்காமல் எப்போதும் 24 கூட்டுகிறவர்கள். அது ஓடும், பதிவின் அளவு 20 ஆக இருக்கும் வரை. ஸ்பெக் சொல்வதோ குறைந்தபட்சம் 20, கூடவும் இருக்கலாம் என்று. மெஷினின் பயாஸிடம் கேட்டு வாங்குகிற ஈ820 என்ற நினைவகப் பட்டியலின் பதிவே முதலில் 20 பைட்டாக இருந்து, பிறகு ஏசிபிஐ என்ற தரநிலையின் 3.0 பதிப்பில் 24 ஆனது. அதனால் இந்தக் ‘கூடவும் இருக்கலாம்’ வெறும் ஒப்புக்கு எழுதியது இல்லை. பிறகு வந்த மல்டிபூட் 2 பதிப்பை எழுதியவர்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பதிவின் அளவைப் பட்டியலின் தலையில் ஒரே ஒருமுறை சொல்லி, அது எப்போதும் 8-ன் மடங்காக இருக்கும் என்று உறுதியும் கொடுத்துவிட்டார்கள். வார்த்தையில் விளக்கி மாளாத இடத்தில் வடிவத்தையே மாற்றுவது அடுத்த பதிப்பின் வேலை. நீங்கள் பழைய பதிப்பில் கைவைக்கும்போது அந்த ஆசை வரக்கூடாது.

ஒரு வரி எவ்வளவு வேலை செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் இரண்டு பதிப்பின் நினைவக வரைபடப் பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பழையதில், சாதாரணப் பயன்பாட்டுக்குக் கிடைக்க வேண்டிய ரேம் எல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கும் என்ற உறுதி இருக்கிறது. புதிதாக எழுதுகிறவர் என்ன நினைப்பார்? கிடைக்கும் என்று போட்டிருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். எடுப்பார். அதற்குள்ளேதான் அவர் கர்னலும், மாட்யூல்களும், பூட் லோடர் கொடுத்த தகவல் ஸ்ட்ரக்சரும் உட்கார்ந்திருக்கின்றன. தகவல் ஸ்ட்ரக்சரின் மேல் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வது ஓஎஸ்ஸின் பொறுப்பு என்று பழைய ஸ்பெக்கும் சொல்கிறது, ஆனால் வேறொரு இடத்தில், பல பத்தி முன்னால். மல்டிபூட் 2-ல் அந்த உறுதிக்கு அடுத்த வரியிலேயே, இந்த வகையில் கர்னலும் மாட்யூல்களும் தகவல் ஸ்ட்ரக்சரும் பிடித்திருக்கிற இடமும் அடங்கும், அவற்றின் மேல் எழுதிவிடாமல் கர்னல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். விதி ஒன்றும் மாறவில்லை, தடுக்கி விழுகிற இடத்திலேயே பலகை வைத்துவிட்டார்கள். ஆவணம் பார்க்கிற வேலையில் பாதி இதுதான், சரியான வரியைத் தேவைப்படுகிற இடத்துக்கு நகர்த்துவது.

சரி, என் தவறு. ஒரு திட்டத்தின் ஸ்பெக்கில் ‘இந்த ஃபீல்ட் சுழியமாக்கப்பட வேண்டும்’ என்று பொருள்படும் வரி, ஷுட் போட்டு இருந்தது. எல்லாரும் சுழியம்தானே வைக்கிறார்கள் என்று நான் ஷுட்டை எடுத்துவிட்டு மஸ்ட் போட்டு, தலைப்பில் ‘வாக்கியத் தெளிவு’ என்று எழுதி அனுப்பினேன். பராமரிப்பவர் ஒரே கேள்வி கேட்டார், அப்படியானால் சுழியம் வைக்காத பழைய பூட் லோடர் நேற்றுவரை விதிப்படி இருந்தது, இன்று காலையிலிருந்து விதி மீறியதாகிவிடுமா? எனக்குப் பதில் இல்லை. மல்டிபூட் ஆவணம் இந்தச் சொற்களுக்குத் தானே அர்த்தம் எழுதி வைத்திருக்கிறது. மஸ்ட் என்றால் கட்டாயம், மீறினால் மல்டிபூட்டுக்கு இணங்கியது ஆகாது. ஷுட் என்றால் பரிந்துரை, மே என்றால் அனுமதி. 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் இதே சொற்களுக்கு இணையத் தரநிலைகளில் இலக்கணம் வகுத்தது. 2017-ல் ஆர்எஃப்சி 8174 வந்து, பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தச் சிறப்பு அர்த்தம் என்று தெளிவாக்கியது. தெளிவாக்குவதற்கு வந்த ஆவணத்தையே தெளிவாக்க இருபது வருஷம் கழித்து இன்னொரு ஆவணம், கவனித்தீர்களா.

அந்த வரியில் இன்னொரு கோளாறும் இருந்தது, அப்போது நான் பார்க்கவில்லை. ‘சுழியமாக்கப்பட வேண்டும்’, சரி, யாரால்? பூட் லோடராலா, கர்னலாலா? இது இரண்டு பேருக்கு நடுவில் உள்ள ஒப்பந்தம். அதில் ‘செய்யப்பட வேண்டும்’ என்று எழுதினால் இரண்டு பேரும் மற்றவர் செய்வார் என்று சும்மா இருப்பார்கள். கையாலை பழுதுபார்க்கப்பட வேண்டும் என்று பத்திரத்தில் எழுதி வைத்தால் மழைக்கு அது விழுந்து கிடக்கும், யாரும் கட்ட மாட்டார்கள். லினக்ஸின் எக்ஸ்86 பூட் நெறிமுறை ஆவணம் இந்த விஷயத்தில் எனக்கு முன்மாதிரி. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஆஃப்செட், அளவு, எந்த நெறிமுறைப் பதிப்பிலிருந்து செல்லும், பிறகு பூட் லோடர் அதைப் படிக்க வேண்டியதா, எழுத வேண்டியதா, படித்து மாற்ற வேண்டியதா என்று ஒரே சொல்லில் குறிப்பு, கட்டாயமானால் கட்டாயம் என்றும் இருக்கும். பழைய பாவங்களையும் மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். செட்டப் செக்டர் எண்ணிக்கை ஃபீல்டில் 0 இருந்தால் உண்மையான மதிப்பு 4 என்று எடுத்துக்கொள் என்று ஒரு வரி இருக்கும், பழைய கர்னல்களுக்காக. அழகில்லை, ஆனால் அதை எழுதாமல் விட்டிருந்தால் எத்தனை பேர் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் தேடிப் பார்க்கும்போது பூட் லோடர்களுக்குள்ளேயே நடைமுறை வேறுபட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போது தீர்ப்பு எழுதாதீர்கள், வேறுபாட்டை எழுதுங்கள். சிலர் இப்படி, சிலர் அப்படி, கர்னல் இரண்டையும் தாங்கும்படி இருப்பது நல்லது என்று. எழுதாமல் விட்டால் அவரவர் தனிவழி போவார்கள். லினக்ஸ் உலகின் சிஸ்டம்டி வட்டாரத்திலிருந்து வந்து இப்போது யூஏபிஐ குழுவிடம் இருக்கிற பூட் லோடர் ஸ்பெசிஃபிகேஷனில் ஒவ்வொரு கர்னலுக்கும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு. டைட்டில், லினக்ஸ், இனிட்ஆர்டி, ஆப்ஷன்ஸ் என்று வரிக்கு ஒரு சாவி, அவ்வளவுதான். ஃபெடோரா லினக்ஸ் 2019-ல் 30-வது பதிப்பில் இதை இயல்பாகவே பயன்படுத்தத் தொடங்கியது, ஆனால் ஆப்ஷன்ஸ் வரியில் கிரப் மாறியின் பெயரை எழுதி, பூட் நேரத்தில் கிரப் அதை விரித்துக்கொள்ளும்படி வைத்தது. ஸ்பெக்கில் அப்படி மாறி என்ற ஒன்றே கிடையாது. கிரப்பில் ஓடும் கோப்பு, அதே ஸ்பெக்கைப் படிக்கிற இன்னொரு பூட் லோடரில் அந்தப் பெயரை அப்படியே எழுத்துச் சரமாகக் கர்னலுக்குக் கொடுத்துவிடும். கோப்பைப் பார்த்தால் ஒரே வடிவம், உள்ளே இரண்டு மொழி.

இனி நடைமுறைக்கு வருவோம். ஒரு பேட்ச் (அனுப்புகிற திருத்தம்), ஒரு வாக்கியம். பத்தியை மடித்து நேராக்கும் வேலையை அதோடு சேர்க்காதீர்கள். எடிட்டர் தானாக வரிகளை ஒழுங்குபடுத்தினால் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் இருபது வரி சிவப்பும் பச்சையுமாக வரும், அதில் நீங்கள் மாற்றிய இரண்டு சொல் எது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. தெரியாததை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பகுதித் தலைப்புகளைத் தொடாதீர்கள், எங்கிருந்தோ யாரோ அதற்கு இணைப்பு வைத்திருப்பார்கள். அட்டவணையில் ஆஃப்செட் மாற்றினால் மனக்கணக்கை நம்பாமல், ஹெடர் கோப்பைச் சேர்த்து ஒவ்வொரு ஃபீல்டின் ஆஃப்செட்டையும் அச்சிடுகிற நாலு வரி சி நிரல் எழுதி ஒப்பிடுங்கள், அட்டவணை தப்பான வரலாறு இந்த ஸ்பெக்குக்கே உண்டு என்று மேலே பார்த்தோம். மல்டிபூட் 2-ல் இது இன்னும் முக்கியம், டேக் என்ற தகவல் துண்டு ஒவ்வொன்றும் 8 பைட் எல்லையில் தொடங்க வேண்டும், ஆனால் சைஸ் ஃபீல்டில் இடைநிரப்பு சேராது. ஃப்ரேம்பஃபர் (திரைக்கான நினைவகம்) கேட்கிற ஹெடர் டேக்கின் சைஸ் 20, அடுத்த டேக் தொடங்குவது 24-ல். கையால் எழுதுகிறவர்கள் அந்த நாலு பைட்டில் வழுக்கி விழுவது வாடிக்கை.

நம்மை மாதிரி ஆட்கள் என்று கேட்டீர்கள். ஆங்கிலம் தடுமாறுவதால் தயங்குகிறீர்கள் என்று புரிகிறது. எனக்கும் பிளஸ் டூ வரை தமிழ் வழிதான். ஸ்பெக் படிப்பதில் அது ஒருவகையில் வசதி. ஆங்கிலத்தில் புழங்குகிறவர் ‘எண்ட்’ என்று பார்த்ததும் தனக்குப் பழகிய அர்த்தத்தைத் தானாகப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். நாம் நின்று, எந்த எண்ட் என்று கேட்கிறோம். உங்கள் பேட்சில் வாக்கியம் குட்டையாக, எழுவாய் யார் என்று தெரிகிற மாதிரி இருந்தால் போதும், இலக்கணத்தைப் பராமரிப்பவர் சரிசெய்துகொள்வார். அவரால் செய்ய முடியாதது நீங்கள் எந்தெந்த பூட் லோடரில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்பது. அதைப் பேட்ச்சோடு போகிற விளக்கக் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள். கிரப்பில் இந்தப் பதிப்பு, கியூஇஎம்யூ எமுலேட்டரில் கர்னல் ஆப்ஷன் கொடுத்து நேரடியாக ஏற்றியபோது இப்படி என்று. கியூஇஎம்யூ அந்த வழியில் மல்டிபூட் 1 மட்டும்தான் ஏற்றும், 2 ஏற்றாது, அதனால் அங்கே குழம்ப வேண்டாம். சிஸ்லினக்ஸ் பூட் லோடர் குடும்பத்தின் எம்பூட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிரப், கிரப் ஆவணத்தைப் பற்றிச் சொல்வது ஒரு சாட்சி, கிரப் அல்லாத இரண்டு பேர் அதையே சொன்னால்தான் ஊர் வழக்கம் என்று பேச முடியும்.

வரி எப்படி இருக்க வேண்டும் என்றால், ‘மாட் எண்ட் என்பது மாட்யூலின் கடைசி பைட்டுக்கு அடுத்த பைட்டின் முகவரி, ஆகவே மாட்யூலின் அளவு மாட் எண்ட் கழித்தல் மாட் ஸ்டார்ட்’ என்பதன் ஆங்கிலம். மஸ்ட், ஷுட் எதுவும் வேண்டாம், இருப்பதைச் சொல்கிறோம். ‘பின்னால் உள்ள ஹெடர் கோப்பின் கமென்டோடு ஒத்துப்போகிறது’ என்று விளக்கக் குறிப்பில் ஒரு வார்த்தை போடுங்கள், பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும். அனுப்புவதற்கு முன்னால் அந்தச் சோதனையை 4096 பைட் கோப்போடு நிறுத்தாமல் 4097, 5001 என்று ஒழுங்கில்லாத அளவுகளிலும் ஓட்டிப் பாருங்கள். மாட்யூல்களைப் பக்க எல்லையில் வை என்று கேட்கிற முதல் பிட்டை ஒருமுறை போட்டும், ஒருமுறை போடாமலும். எல்லா முறையும் வித்தியாசம் கோப்பின் அளவாகவே வர வேண்டும். எங்காவது பக்கக் கணக்குக்கு மேலே உருட்டி 8192 வந்தால் அதை எனக்கும் எழுதுங்கள், அப்போது வரியை வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும்.